பொருள்களின் குணங்கள்

(நாகபுரியில் நம் சங்கத்தின் ஆண்டு விழா, மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



விஞ்ஞானம் பற்றி எளிய தமிழில் ஓர் உரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் பணித்தார். பட்டம் பெற்ற பேராசிரியர்கள் பலர் வாழும் இந்நகரில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ரயில்வே குமாஸ்தா ஒருவன் இப்பணிக்கு எவ்வாறு தகுதியுடையவன் ஆவான் என்று நீங்கள் ஐயுறலாம். பேராசிரியர்கள் பொருள்களைப் பற்றிப் படித்தவர்கள். நானோ இருபது ஆண்டுகளாகப் பார்சல் அலுவலகத்துத் தராசின் முன் நின்று பொருள்களைத் தூக்கியவன். ஆரஞ்சுக் கூடையும் பருத்திச் சிப்பமும் இயந்திர உறுப்பும் நாள்தோறும் என் முன் வந்து நிற்கின்றன. அவை எனக்குக் கற்பித்ததையே இங்குச் சொல்ல விழைகிறேன்.

அவை கற்பித்த பாடம் ஒன்றே. ஒரு பொருளைப் பற்றி நாம் சொல்லும் எண்களுள் சில இடத்துக்கு இடம் மாறுவன. சில வெப்பத்துக்கு ஏற்ப மாறுவன. வேறு சிலவோ அப்பொருள் எங்குச் சென்றாலும் அதனோடு செல்வன. எது மாறும், எது மாறாது என்று பிரித்தறிவதே பௌதிகத்தின் அரிச்சுவடி. இதனை அறிந்தவன் கடையில் ஏமாற மாட்டான். அறிந்து பணியாற்றுவோர் இருப்பதால்தான் நாமும் அச்சமின்றி ரயிலில் பயணம் செய்கிறோம்.

பொருள் என்பது யாது?

இடத்தை அடைத்துக்கொள்வதும் நிறை உடையதும் எதுவோ அதுவே பொருள். கல்லும் நீரும் இந்த இலக்கணத்துக்கு அடங்கும் என்பது கண்கூடு. காற்று அடங்குமா? குழந்தைகளே, வீட்டுக்குச் சென்றதும் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரின் அடியில் காகிதத்தைக் கசக்கி இறுகத் திணியுங்கள். தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து, சாய்க்காமல் நேராக ஒரு வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். பின்பு நேராகவே வெளியே எடுங்கள். காகிதம் நனைந்திராது. உள்ளே இருந்த காற்று இடத்தை அடைத்துக்கொண்டு தண்ணீருக்கு வழிவிட மறுத்துவிட்டது.

சரி, காற்றுக்கு நிறை உண்டா? ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஒரு கிலோவுக்குச் சற்று மிகுதி. நாம் கூடியிருக்கும் இம்மண்டபம் 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 1,000 கன மீட்டர். அப்படியாயின் இந்த மண்டபத்துக்குள் இருக்கும் காற்று மட்டும் ஒரு டன்னுக்கு மேல்! ‘ஒன்றும் இல்லை’ என்று நாம் கைவிரிக்கும் வெற்றிடத்தில் ஒரு டன் சரக்கு இருக்கிறது.

ஆனால் ஒளி, ஒலி, நிழல் ஆகியவற்றைத் தராசில் இட இயலாது. பெட்டியில் அடைத்துப் பார்சல் அனுப்பவும் இயலாது. அவை பொருள்கள் அல்ல. வெப்பமும் அத்தகையதே. இரும்புக் கட்டியைச் சூடாக்கினால் அது சிறிது பருக்கும். ஆயினும் நம் தராசு காட்டும் எண் மாறாது.

நிறையும் எடையும்

பேச்சு வழக்கில் நிறை என்றாலும் எடை என்றாலும் ஒன்றே. பௌதிகத்தில் இரண்டும் வேறு. ஒரு பொருளில் அடங்கியுள்ள பண்டத்தின் அளவே நிறை. அப்பொருளைப் பூமி தன்பால் இழுக்கும் விசையே எடை. பூமியின் இழுப்பு எங்கும் ஒரே அளவாக இல்லை. நிலநடுக்கோட்டில் சற்றுக் குறைவு. துருவங்களில் சற்று மிகுதி. சென்னையில் சரிபார்த்த வில் தராசு ஒன்றை அப்படியே புதுதில்லிக்குக் கொண்டு சென்றால், 100 கிலோ சரக்குக்கு அது நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டிக் காட்டும். சந்திரனுக்குக் கொண்டு சென்றாலோ எடை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். சரக்கில் ஒரு மணியும் கூடவில்லை, குறையவில்லை, இழுப்புத்தான் மாறியது.

பழைய இரட்டைத் தட்டுத் தராசு இந்த வகையில் மிகவும் நேர்மையானது. ஒரு தட்டில் சரக்கு, மறு தட்டில் படிக்கல். இழுப்பு மாறினால் இரண்டு தட்டுக்கும் ஒருங்கே மாறும். ஆகவே நடுமுள் அசையாது. நடுவுநிலைமைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்கியது எவ்வளவு பொருத்தம்! இக்காலத்து மின்னணுத் தராசோ உண்மையில் விசையையே உணர்கிறது. அதனால்தான் அதனைப் பயன்படுத்தும் ஊரிலேயே, அறிந்த படிக்கல்லை வைத்துச் சரிபார்த்து முத்திரை இடவேண்டியிருக்கிறது.

அந்தப் படிக்கல்லுக்குப் படிக்கல் எது? 1889ஆம் ஆண்டு முதல் பாரிஸ் நகருக்கு அருகில் உள்ள செவ்ர் என்ற இடத்தில், பிளாட்டினமும் இரிடியமும் கலந்து வார்த்த உருளை ஒன்று உலகத்தின் கிலோவாகப் போற்றப்பட்டது. அதன் படிகளுள் 57ஆம் எண்ணுடையது நம் நாட்டின் பங்காகப் புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், மூல உருளைக்கும் அதன் படிகளுக்கும் இடையே மிக நுண்ணிய வேறுபாடுகள் தோன்றியதைக் கண்டார்கள். கையால் செய்த பொருளை இனி அளவுகோலாகக் கொள்ளலாகாது என்று முடிவு செய்து, 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்னும் இயற்கையின் எண் ஒன்றைக் கொண்டு கிலோவை வரையறுத்துவிட்டார்கள். மாறாத ஒன்றைத் தேடி மனிதன் எவ்வளவு தொலைவு சென்றிருக்கிறான், பாருங்கள்!

ஒரே சொல், மூன்று மணங்கு

இந்தத் தேடல் விஞ்ஞானிகளின் வீண் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அளவின் மாற்றம் என்ன செய்யும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். மணங்கு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மணங்கு 8 வீசை. அதாவது 25 பவுண்டு, இன்றைய கணக்கில் 11 கிலோவுக்குச் சற்று மேல். பம்பாய் மணங்கு 28 பவுண்டு. வங்காளத்து மணங்கோ 82 பவுண்டுக்கும் மேல், 37.32 கிலோ. ரயில்வே சரக்குக் கணக்கில் வழங்கியது இந்தப் பெரிய மணங்கே. சென்னையிலிருந்து பத்து மணங்கு சரக்கு அனுப்பியவனும் வடக்கே பத்து மணங்கு எதிர்பார்த்தவனும் ஒரே சொல்லைச் சொல்லி, மும்மடங்குக்கு மேல் வேறுபட்ட பொருளை மனத்தில் கொண்டிருப்பார்கள். வழக்குக்கும் வம்புக்கும் கேட்பானேன்?

1956ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அன்று முதல் காஷ்மீரத்துக் கிலோவும் கன்னியாகுமரிக் கிலோவும் ஒன்றாயின.

நம் பக்கத்துப் படியும் ஒரு நல்ல பாடம். படி என்பது எடை அன்று, கன அளவு. ஒரு படி அரிசியும் ஒரு படி நெற்பொரியும் அடைக்கும் இடம் ஒன்றே. நிறையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அரிசியைக் குவித்து அளந்தால் ஓர் அளவு. தலை தட்டி அளந்தால் வேறோர் அளவு. படியைக் குலுக்கி அளந்தால் மற்றோர் அளவு. வாங்கும்போது குவித்தும் விற்கும்போது தலை தட்டியும் அளந்த வணிகன் செல்வனானதற்கு விஞ்ஞான விளக்கம் இதுதான்.

அடர்த்தி

ஆகவே இடத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. நிறையை மட்டும் பார்த்தாலும் போதாது. இரண்டையும் இணைத்துப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட இடத்துக்குள் எவ்வளவு நிறை அடங்கியிருக்கிறது என்பதே அடர்த்தி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஏறக்குறைய 800 கிராம். அதே இடத்தை அடைக்கும் அலுமினியம் 2.7 கிலோ, இரும்பு 7.87 கிலோ, பாதரசம் 13.6 கிலோ, தங்கமோ 19.3 கிலோ. தண்ணீரில் மூழ்கும் இரும்பு ஆணி பாதரசத்தில் மிதக்கும். ஏன் என்பது இந்த எண்களைப் பார்த்தாலே விளங்கும்.

சரக்குப் போக்குவரத்தின் உயிர்நாடியே இந்த அடர்த்திதான். நம் விதர்ப்பத்துப் பருத்தியை வண்டியில் ஏற்றினால் இடம் முதலில் நிரம்பிவிடுகிறது. எடைக்கு இன்னும் இடம் இருக்கிறது. இரும்புத் தாதுவை ஏற்றினாலோ, வண்டி வாய்விளிம்பு வரை நிரம்பு முன்பே எடை வரம்பு முடிந்துவிடுகிறது. காலியிடத்தைக் கண்டு இன்னும் சிறிது போடலாமே என்று ஆசைப்பட்டால் அச்சுக்கு ஆபத்து. அதற்காக இலேசான சரக்குக்கு வரம்பே இல்லை என்றும் எண்ணிவிடலாகாது. மயிலிறகே ஆனாலும் மிகுதியாக ஏற்றினால் வண்டி தாங்காது என்று வலியறிதல் அதிகாரத்தில் எச்சரிக்கிறார் வள்ளுவர். சரக்கு அலுவலகச் சுவரில் எழுதி வைக்கத்தக்க அறிவுரை!

தாய்மார்களுக்கு இரண்டு சொற்கள். எட்டு கிராம் தூய தங்கம் அடைக்கும் இடம் அரைக் கன சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே எட்டு கிராம் பித்தளை அதைப்போல் இருமடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். எடை ஒன்றாய் இருக்க, உருவம் பருத்திருந்தால் உள்ளே வேறு உலோகம் இருக்கிறது என்று பொருள். கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீஸ் மன்னனின் முடியைச் சோதித்ததாகச் சொல்லப்படும் முறையும் இதுவே.

மற்றொன்று பால். பாலின் அடர்த்தி தண்ணீரினும் சிறிது மிகுதி. லிட்டருக்கு ஏறக்குறைய 1.03 கிலோ. தண்ணீர் கலந்தால் அது குறையும். பால்மானி அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பால்மானியை முற்றும் நம்பிவிட வேண்டாம். பாலின் கொழுப்பு தண்ணீரினும் இலேசானது. ஆகையால் ஏட்டை எடுத்துவிட்டால் எஞ்சிய பாலின் அடர்த்தி கூடும்; அதற்கு ஈடாகத் தண்ணீர் ஊற்றினால் பால்மானி மீண்டும் சரியான எண்ணையே காட்டும். ஒரே ஒரு குணத்தைச் சோதித்துப் பொருளுக்கு நற்சான்று வழங்கலாகாது.

திடம், திரவம், வாயு

பொருள் மூன்று நிலைகளில் விளங்குகிறது என்று பள்ளியில் படிக்கிறீர்கள். இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இதனை முதற் குளிர்காலத்திலேயே கண்டுகொள்கின்றன. ஊரிலிருந்து கொணர்ந்த தேங்காயெண்ணெய் மார்கழிக் காலையில் புட்டிக்குள் வெண்கட்டியாக உறைந்து நிற்கிறது. கலப்படமோ என்று ஐயுறுவோரும் உண்டு. தேங்காயெண்ணெயின் உருகுநிலை ஏறக்குறைய 24 டிகிரி. நம் கடற்கரை ஊர்களில் வெப்பம் அதற்குக் கீழே நெடுநேரம் நிற்பது அரிது. இங்குக் குளிர்கால இரவுகளில் வெகுவாக இறங்கிவிடுகிறது. எண்ணெய் மாறவில்லை, அதன் நிலைதான் மாறியது. வெயிலில் வைத்தால் பழையபடி ஆகிவிடும்.

உறையும்போது பெரும்பாலான பொருள்கள் சுருங்கும். தண்ணீரோ இதற்கு மாறாக ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகிறது. அதனால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. மேலும், தண்ணீர் மிகவும் அடர்ந்திருப்பது 4 டிகிரியில். ஆகவே குளிர்நாட்டு ஏரி மேற்புறத்திலிருந்து உறைகிறது. அடியில் நீர் நீராகவே இருந்து மீன்களைக் காக்கிறது. தண்ணீர் மட்டும் பிற பொருள்களைப் போல் நடந்துகொண்டிருந்தால் ஏரி அடியிலிருந்தே உறைந்திருக்கும்.

அதே தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது ஒரு லிட்டர் ஏறக்குறைய 1,600 லிட்டருக்கும் மேலாக விரிகிறது. நிறை அதே ஒரு கிலோ! 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணாவுக்குப் பயணிகளோடு முதல் ரயிலை இழுத்துச் சென்றது இந்த விரிவின் ஆற்றலே. நீலகிரி, டார்ஜிலிங் மலைப் பாதைகளில் இன்றும் நீராவி எஞ்சினைக் கண்டு மகிழலாம்.

வெப்பமும் தண்டவாளமும்

வெப்பத்தால் பொருள் விரியும் என்பதை ஒரு வரியில் படித்து ஒரு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியில் ஆயிரக்கணக்கான பயணிகளின் உயிர் அடங்கியிருக்கிறது.

எஃகு ஒரு டிகிரி வெப்பத்துக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 11 அல்லது 12 பங்கு நீளும். இது ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். குளிர்கால விடியலுக்கும் கோடை நண்பகலுக்கும் இடையே தண்டவாளத்தின் வெப்பம் 40 டிகிரி உயர்வதாகக் கொள்வோம். இந்நகரத்துக் கோடையை அறிந்தவர்கள் இதனை மிகை என்று சொல்லமாட்டார்கள். வெயிலில் கிடக்கும் தண்டவாளம் சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் மிகுதியாகச் சுடும். 13 மீட்டர் தண்டவாளம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். ஒரு கிலோமீட்டருக்கு 46 சென்டிமீட்டர். இங்கிருந்து வார்தா வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தடையின்றி நீள விட்டால் 36 மீட்டருக்கு மேல் மிகும்! அவ்வளவு இரும்பு எங்கே போகும்?

அக்காலத்தில் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டார்கள். வண்டி அதன்மேல் ஓடும்போது எழுந்த ‘தடக் தடக்’ ஓசை நம் குழந்தைப் பருவத்துத் தாலாட்டு. இன்று முக்கியப் பாதைகளில் தண்டவாளங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து நெடுந்தண்டவாளமாக்கி விட்டார்கள். அந்த ஓசை அடங்கிவிட்டது. அப்படியானால் விரிவு எங்கே? விரிய விடாமல் கனத்த கான்கிரீட் கட்டைகளும் அவற்றைச் சூழ்ந்த சரளைக் கல்லும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. நீளமாக வெளிப்பட வேண்டியது உள்ளே அழுத்தமாக அடங்கி நிற்கிறது. மீட்டருக்கு 60 கிலோ நிறையுள்ள தண்டவாளம் தன் நிலைவெப்பத்தினும் 30 டிகிரி மிகச் சூடேறும்போது, அதனுள் அடங்கி நிற்கும் விசை 50 டன்னுக்கும் மேல் எடையுள்ள பாரத்துக்குச் சமம். சரளை குறைந்தோ கொக்கிகள் தளர்ந்தோ ஓரிடம் வலுவிழந்தால், அந்த விசை அங்கே வெடித்துக் கிளம்பித் தண்டவாளத்தைப் பாம்புபோல் வளைத்துவிடும்.

ஆகவேதான், நாம் கதவடைத்துக் குளிர்விசிறியின் முன் அமர்ந்திருக்கும் சித்திரை வைகாசி நண்பகலில், நாம் கேங்மேன் என்று அழைத்துப் பழகிய பாதைத் தொழிலாளி தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு பாதை நெடுகக் கால்நடையாகப் பார்த்துச் செல்கிறார். அவர் பௌதிகப் பட்டதாரி அல்லர். ஆனால் எஃகின் குணம் அவருக்குத் தெரியும். அவருடைய விழிப்பே நம் பயணத்தின் காப்பு. அடுத்த முறை சன்னலோரம் அமர்ந்து செல்லும்போது, பாதையோரம் ஒதுங்கி நின்று கொடி காட்டும் அவரைக் கண்டால், குழந்தைகளே, கையை அசைத்து நன்றி சொல்லுங்கள்.

திரவம் திடத்தைக் காட்டிலும் மிகுதியாக விரியும். 1,000 லிட்டர் டீசல் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 8 லிட்டர் மிகும். நிறையோ ஒரு கிராமும் கூடாது. எனவே எண்ணெய் ஏற்றும் தொட்டி வண்டிகளை வாய்வரை நிரப்புவதில்லை. எண்ணெயின் அடர்த்தியைச் சொல்லும்போதும் 15 டிகிரி வெப்பத்தில் என்று கூறியே கணக்கிடுகிறார்கள். இடம் மாறும் எண். வெப்பத்தைச் சொல்லாமல் இடத்தை மட்டும் சொன்னால் கணக்கு முழுமை பெறாது.

வீட்டுப் பாடம்

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். நம் குழந்தைகள் பள்ளியில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ பயில்கிறார்கள். நன்றாகப் பயிலட்டும், இந்நாட்டு மொழிகள் அவர்களுக்குச் சோறும் தரும், நட்பும் தரும். ஆனால் வீட்டில் தமிழ் என்பது ‘சாப்பிட வா, தூங்கப் போ’ என்ற அளவோடு நின்றுவிட்டால், சிந்திக்கும் மொழி வேறு, சோறு கேட்கும் மொழி வேறு என்றாகிவிடும். அறிவுக்கு உதவாது என்று குழந்தை கருதிவிட்ட மொழி அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது. இது நம் சங்கத்தின் எதிர்காலத்தைப் பற்றிய கவலை.

இதற்கு மருந்து நம் சமையலறையிலேயே இருக்கிறது. ஒரே தம்ளரால் தண்ணீர், எண்ணெய், அரிசி மூன்றையும் அளந்து, ஒவ்வொன்றையும் தராசில் இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது கனத்தது, ஏன் கனத்தது, அரிசி மணிகளுக்கு இடையே இருப்பது யாது என்று தமிழில் கேளுங்கள். தமிழில் விடை வாங்குங்கள். நிறை, எடை, கன அளவு, அடர்த்தி, உருகுநிலை என்ற சொற்கள் அகராதியில் உறங்குவதற்காக ஏற்பட்டவை அல்ல. நாவில் நடமாடினால் அவை வாழும். அதற்குப் பட்டப் படிப்பு வேண்டியதில்லை. அரை மணி நேரமும் சிறிது பொறுமையும் போதும்.

நிறை என்ற சொல்லுக்கு உள்ளத்தின் உறுதி என்றும் நம் முன்னோர் பொருள் கொண்டனர். ஊருக்கு ஊர் எடை சிறிது மாறும், நிறை மாறாது. நாமும் காவிரிக் கரையையும் பொருநைக் கரையையும் விட்டு இங்கு வந்து வாழ்கிறோம். இவ்வூர்ச் சூழலுக்கு ஏற்ப நம்மில் மாற வேண்டியவை மாறட்டும். நிறை மட்டும் குறையாதிருக்கட்டும்.